உள்ளே என்ன இருந்தது?

"பேரல் ஒண்ணு அறுக்கணும்" என்று யார் வந்தாலும், கூலி பேசுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: உள்ளே என்ன இருந்தது? அதற்குப் பெரும்பாலும் வரும் பதில், "ஒண்ணுமில்லண்ணே, காலி பேரல்தான்." இந்தப் பதிலை நம்பி மிஷினை ஓடவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இன்று இல்லை.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய கோயில் உள்ள ஊர். இங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், டிரெய்லர் வேலைகளோடு ஆரம்பத்திலிருந்தே பேரல் வேலையும் சேர்ந்து வந்தது. கிராமத்தில் ஒரு பேரலுக்குப் பத்து உபயோகம் உண்டு. மேல் மூடியை எடுத்தால் தண்ணீர்த் தொட்டி. நெடுக்காகப் பிளந்தால் மாட்டுக்கு இரண்டு தீவனத் தொட்டி. குறுக்காக வெட்டினால் கல்யாணச் சமையலுக்கு அடுப்பு. மேலும் கீழும் வெட்டி விரித்து அடித்தால் தகடு. அந்தக் காலத்தில் பல குடிசைகளுக்குத் தார் பேரல் தகடுதான் வேலியும் கூரையும்.

தொழில் கற்றது காஞ்சிபுரத்தில், ஒரு தகர வேலைப் பட்டறையில். அங்கிருந்த மேஸ்திரி பேரலை 44 கேலன் என்றுதான் சொல்வார். 200 லிட்டர் அளவுக்கு அதுதான் பழைய கணக்கு. அப்போது எங்களிடம் வந்தவை நான்கைந்து வகைதான்: கிணற்று ஆயில் இன்ஜினுக்கு டீசல் வந்த பேரல், மண்ணெண்ணெய்ப் பேரல், எண்ணெய் மில்லின் கடலெண்ணெய்ப் பேரல், ரோடு போட்டுவிட்டுப் போன தார் பேரல், எப்போதாவது ஒரு பெயிண்ட் டிரம். எதில் என்ன இருந்தது என்று பார்த்தாலே தெரியும். கறையும் பிசுக்குமே சாட்சி.

மேஸ்திரி அறுத்ததெல்லாம் உளியும் சுத்தியும் கொண்டு. அதற்கு முன்னால் அவர் செய்ததுதான் உண்மையான வேலை. மேலே உள்ள பெரிய அடைப்பு, சின்ன அடைப்பு இரண்டையும் கழற்றிவிட்டுப் பேரலை இரண்டு கல்லின் மேல் தலைகீழாக நிறுத்துவார். வெயிலில் சில நாள் அப்படியே கிடக்கும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, நாங்கள் இரண்டு பையன்கள் உருட்டி உருட்டிக் குலுக்கவேண்டும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவார். கடைசியில் நல்ல தண்ணீரை நிரப்பி வழியவிடுவார். "தலைகீழா ஏன் மேஸ்திரி?" என்று கேட்டதற்கு, "பெட்ரோல் ஆவி கீழ உக்காரும்டா. வாய மேல வச்சா அது எப்படி வெளிய வரும்?" என்றார். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்று பின்னாளில் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

நிறைந்த பேரலைவிடக் காலிப் பேரல் ஆபத்தானது என்றால் பலருக்கு நம்பிக்கை வராது. எரிவது திரவம் அல்ல, காற்றோடு கலந்த ஆவி. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு சேர்ந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். 7.6 பங்குக்கு மேல் போனால் காற்று போதாமல் பற்றாது. பேரல் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியான பிறகுதான் 200 லிட்டர் காற்று உள்ளே வந்து உட்காருகிறது. அந்தக் காற்றை வெடிமருந்தாக்க எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்று டீஸ்பூன். மேல் தகடும் உடல் தகடும் சேருகிற மடிப்புக்குள் மட்டுமே அவ்வளவு ஒளிந்திருக்கும். கவிழ்த்து வடித்தாலும் அந்த மடிப்பு விடாது.

வெடித்தால் உடல் தகடு கிழிவது அபூர்வம். மூடிதான் பறக்கும். பேரல் மூடியின் குறுக்களவு 57 சென்டிமீட்டர் என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏறினாலே அதன்மேல் இரண்டரை டன் சுமை. மூடிய பாத்திரத்துக்குள் ஆவி எரிந்தால் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு ஏற முயலும். ஆகவே அறுக்கிறவனோ உதவியாளோ மூடிக்கு நேராக, மேலேயோ கீழேயோ, நிற்கக்கூடாது. எங்கள் மேஸ்திரி பேரலைப் படுக்கப்போட்டு வேலை செய்யும்போது இரண்டு முனையிலும் யாரையும் நடக்க விடமாட்டார். டீ கொண்டுவரும் பையனைக்கூட விரட்டுவார்.

கேஸ் கட்டிங் வந்தபோது உளி வேலை மதிப்பிழந்தது. நாள் முழுக்க அடிக்கவேண்டியதை நிமிஷத்தில் முடிக்கலாம். அந்தச் சமயத்தில்தான் தார் பேரல் விபத்துகளைக் காதால் கேட்க ஆரம்பித்தோம். தார் பெட்ரோலைப் போல வாசம் வீசாது. குளிர்ந்து இறுகிக் கிடக்கும். அதனால் அதற்குக் கழுவல் தேவையில்லை என்று நினைத்தார்கள். சுடரைக் காட்டியதும் தகட்டின் மறுபுறம் ஒட்டியிருக்கும் தார் உருகி, புகைந்து, ஆவியாகி, உள்ளே நிறைகிறது. பழைய டீசலும் கெட்டியான எண்ணெயும் அப்படித்தான். வேறொரு பட்டறையில் ஒரு தார் பேரலின் மூடி கழன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே நின்ற உதவியாளின் இரண்டு காலும் முறிந்தன. பெரிய அடைப்பு திறந்துதான் இருந்தது. அந்த ஓட்டை வழியாக வெளியேற வெடிப்புக்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்போது வாயு அளக்கும் மீட்டர்கள் வந்திருக்கின்றன. நல்ல கருவி, நானும் ஒன்று வாங்கினேன். ஆனால் குளிர்ந்த தார் பேரலுக்குள் அதை விட்டால் பூஜ்யம் காட்டும். சூடு பட்ட பிறகு வரப்போகும் ஆவியை அதனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உள்ளே விரலால் தடவிப் பார்த்துப் பிசுக்கு இருந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் அந்தப் பேரல் தயாராகவில்லை என்றே வைத்துக்கொள்ளவேண்டும். மூக்கால் முகர்ந்து பார்ப்பதும் சோதனை ஆகாது. கொளுத்திய திரியை உள்ளே போட்டு "ஆவியை எரிச்சிட்டோம்" என்று சொல்லும் வழக்கத்தை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன். அதைச் செய்கிறவனிடம் நான் கோபப்படாமல் பேசியதில்லை.

அப்புறம் ஏஜி4 வந்தது. நான்கு அங்குல கிரைண்டருக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர், எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும். கையில் தூக்கி, வீட்டுப் பிளக்கில் சொருகி, யார் வேண்டுமானாலும் இரும்பை அறுக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. பேரல் வேலை பட்டறையை விட்டு வீட்டுக் கொல்லைக்குப் போனது அப்போதுதான். கேஸ் கட்டிங்கில் சுடர் தெரியும், ஆளுக்குப் பயம் இருக்கும். கிரைண்டரில் சுடர் இல்லை என்பதால் அது குளிர்ந்த வேலை என்று நினைக்கிறார்கள். நிமிஷத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும் வீலிலிருந்து தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் எரிந்துகொண்டு போகும் இரும்புத் துகள். வெட்டு உள்ளே ஊடுருவிய நொடியிலிருந்து அதே பொறிகள் பேரலுக்குள்ளும் போகின்றன.

மிஷினைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய வீல் போட்டால் ஆழமாக வெட்டும் என்று கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல வீலை ஏஜி4-இல் மாட்டுகிறார்கள். வீலின் மேல் அது தாங்கும் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும், நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும். பேரலை அறுக்கும்போது தகடு மெல்லியது என்று ஏமாறக்கூடாது. பேரல் உருட்டி இழுத்துச் செய்த பொருள், உள்ளுக்குள் இறுக்கம் உண்டு. பாதி வெட்டியதும் வெட்டு வாய் மூடிக்கொண்டு வீலைக் கவ்வும். மிஷின் எகிறி நெஞ்சுக்கோ கழுத்துக்கோ வரும், இல்லையென்றால் வீல் உடைந்து தெறிக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுவதும் மறைக்கும் தடுப்பு வேண்டும். கைலியும் தொங்கும் துண்டும் வேண்டாம். பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், பருத்திதான் நல்லது.

தண்ணீர் நிரப்பி அறுத்தால் பயமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒரே உபாயம். அதிலேயே எத்தனை கிளை இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை காஞ்சிபுரத்துச் சாயப் பட்டறைகள்.

பட்டு நூலில் ஏறிய சாயம் பிசகிவிட்டால் அதை உருவி எடுக்க ஹைட்ரோஸ் போடுவார்கள். சோடியம் ஹைட்ரோசல்பைட். வெள்ளைத் தூள், இரும்பு டிரம்மில் வரும். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருவர் காலியான ஹைட்ரோஸ் டிரம் சிலவற்றைக் கொண்டுவந்து போட்டார். அடியில் கட்டி தட்டிய தூள் கொஞ்சம். என்னிடம் வேலை பார்த்த பையன் பழக்கதோஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கப் போனான். டிரம் கை வைக்க முடியாதபடி சுட்டது, மூச்சடைக்கும் கந்தகப் புகை எழுந்தது. அவனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினோம். ஹைட்ரோஸுக்குக் கொஞ்சம் ஈரம்தான் எமன். ஈரக் காற்றிலேயே சூடேறித் தானாகப் பற்றக்கூடியது. அதை உலர்ந்த நிலையில் சுரண்டி எடுக்கவேண்டும். மிச்சத்தை வெட்டவெளியில் வைத்து, தள்ளி நின்று, நிறையத் தண்ணீரை ஒரேயடியாக விட்டுத்தான் கழுவவேண்டும்.

கார்பைடு டிரம் இன்னொரு வகை. அசிட்டிலின் சிலிண்டர் எளிதாகக் கிடைக்காத நாட்களில் கார்பைடுக் கல்லைத் தண்ணீரில் போட்டுத்தான் பட்டறையிலேயே கேஸ் உண்டாக்குவோம். கல் வந்த டிரம் மிஞ்சும். அதன் அடியில் தங்கும் சாம்பல் நிறப் பொடியில் தண்ணீர் பட்டால் வருவது அதே அசிட்டிலின். காற்றில் நூற்றுக்கு 2.5 பங்கிலிருந்து 80-க்கு மேல் வரை வெடிக்கும் வாயு அது. பெட்ரோலுக்கு இருக்கும் மேல் வரம்பு இதற்கு அநேகமாக இல்லை. அமில டிரம்மில் வேறு கதை. கெட்டியான சல்பூரிக் அமிலம் இரும்பை அவ்வளவாகத் தொடாது. கழுவுகிறேன் என்று கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் நீர்த்த அமிலம் இரும்பை அரித்து ஹைட்ரஜனை விடும்.

நான்காவது வகை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு எங்களை எட்டியது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் வரிசையாக உதிரிபாகக் கம்பெனிகள், பெயிண்ட், பசை, ஃபோம். காயலான் கடைகளில் நாங்கள் பார்த்திராத பேரல்கள் குவிந்தன. மெத்து மெத்தென்ற சீட் ஃபோம் செய்ய உதவும் ஐசோசயனேட் அதில் ஒன்று. மிச்சமிருக்கும் பிசுக்கில் தண்ணீர் பட்டால் கரியமில வாயு மெதுவாக ஊறிக்கொண்டே இருக்கும். அடைப்பைத் திருகிவிட்டால் பேரல் உப்பும், பிறகு பிளக்கும். தீயே வேண்டாம். அதன் ஆவி நுரையீரலுக்கும் கேடு. ஒருமுறை பழகினவனுக்கு அடுத்த முறை துளி பட்டாலே மூச்சு இழுக்கும்.

ஆக, ஒரே தண்ணீர் பெட்ரோல் பேரலில் காவல், ஹைட்ரோஸில் நெருப்பு, கார்பைடில் வெடிமருந்து, ஐசோசயனேட்டில் அழுத்தம். உள்ளே என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் நான் சொம்பைக்கூட எடுப்பதில்லை.

டீசல், மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வேலை இப்படிப் போகும். இரண்டு அடைப்பையும் கழற்றி, கவிழ்த்து வடித்து, சோடாத் தண்ணீரில் விரல் பிசுக்கில்லாமல் வரும்வரை கழுவுவோம். பிறகு நிமிர்த்தி, தண்ணீரை நிரப்பி, பெரிய ஓட்டைப் பக்கம் லேசாகச் சாய்த்து நன்றாக வழியவிடுவோம். இந்த வழியவிடுவதைப் பலர் தவிர்க்கிறார்கள். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். வழியவிடாவிட்டால் மிச்ச எண்ணெய் முழுவதும் மேலே வந்து, சரியாக நாம் அறுக்கப்போகும் கோட்டுக்கு அடியில் படலமாக நிற்கும். வழிந்த பிறகு இரண்டு விரல் அளவு தண்ணீரை இறக்கி, அடைப்பைத் திறந்தே விட்டு அறுக்கவேண்டும். கொஞ்ச இடம்தான் காலி, அந்த இடத்தில் ஆவிக்கு வழியில்லை. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாத லைனில் நான் மிஷினைச் சொருகமாட்டேன். நனைந்த தரையில் நிற்கவும் மாட்டேன்.

மூடியை எடுக்க, விளிம்பு மடிப்பின் உட்புறமாக ஒரு விரல் தள்ளி வெட்டுவேன். மடிப்பை விட்டுவைத்தால் பேரல் வளையாது, கையும் கிழியாது. ஒரே மூச்சில் சுற்றி வராமல் நாலு இடத்தில் விரல் அகலத்துக்கு விட்டு, கடைசியில் அவற்றை உளியால் தட்டி எடுப்பேன். மூடி பாதியில் தொங்கி வீலைக் கவ்வாமலிருக்க இதுதான் வழி. சுற்றிலும் 35 அடிக்குள் தின்னர், பெயிண்ட், வைக்கோல், வேறு பேரல் எதுவும் கூடாது. அறுத்து முடித்த பின் ஒரு மணி நேரமாவது யாராவது அங்கே இருக்கவேண்டும். வைக்கோலுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது.

எண்ணெய்ப் பேரலிலும் அவசரமில்லாவிட்டால் நான் இன்றைக்கும் உளியைத்தான் எடுப்பேன். பிரிட்டனின் தொழிலகப் பாதுகாப்புத் துறை சிறு தொட்டிகளுக்கும் டிரம்களுக்கும் தனியாகப் போட்ட கையேட்டில், முடிந்தவரை சூடில்லாத முறையில் வெட்டு அல்லது தெரிந்தவரிடம் கொடுத்துவிடு என்கிறது. அமெரிக்காவின் ரசாயன விபத்து விசாரணை வாரியம் தொட்டிகளில் வெல்டிங், கட்டிங் செய்து இறந்தவர்களின் விபத்துகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட பாடங்களிலும் முதலில் நிற்பது, வேறு வழியிருந்தால் சூட்டைத் தவிர் என்பதே. எங்கள் மேஸ்திரி இதையெல்லாம் படித்தவரில்லை. உளியோடு நின்றார்.

சாயக்காரர்களுக்குச் செய்த வேலையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பட்டுச் சாயத்துக்கு இரும்புப் பாத்திரம் ஆகாது, துரு நூலைக் கறையாக்கும். செம்பு அண்டாவும் பின்னால் எவர்சில்வரும்தான் வைப்பார்கள். எங்களிடம் கேட்டது அண்டாவைச் சுற்றி நிற்கும் அடுப்புக் கூடு. குறுக்கே அறுத்த பேரல்தான் கூடு. சாயத்திலிருந்து தூக்கும் ஈர நூல் கண்டு அந்த விளிம்பில் உரசினால், கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூடப் பட்டிழையைப் பிடித்து அறுத்துவிடும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நூல். அதனால் அரம் போட்ட பிறகு கழிவுப் பட்டிழையை விளிம்பில் சுற்றி இழுத்துப் பார்ப்பேன். எங்கே சிக்குகிறதோ அங்கே மறுபடி அரம். இந்தச் சோதனையை இப்போது மாட்டுத் தொட்டிக்கும் செய்கிறேன். மாட்டின் நாக்கும் மென்மையானதுதானே.

ஒரு ஓட்டல்காரர் தந்தூரி அடுப்புக்காக பீர் கெக் ஒன்றைக் கொண்டுவந்தார். எவர்சில்வர், 50 லிட்டர். எரிகிற சரக்கில்லை என்பதால் அதை எளிது என்று நினைத்திருந்தார். அதில் பயப்படவேண்டியது அடைபட்ட கரியமில வாயுவின் அழுத்தம். வால்வை அமுக்கி முழுவதும் இறக்கி, நடுக்குழாயைக் கழற்றி எடுத்த பிறகே வீல் தொடவேண்டும். சமையல் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தால் பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, அங்கேயே திரும்பப் போகவேண்டியது.

சட்டம் ஒன்றும் ஊமையாக இல்லை. 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, எரியும் பொருள் இருந்த எந்தத் தொட்டியையும் பாத்திரத்தையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமல் வெல்டிங்கோ சூடு பிறக்கும் கட்டிங்கோ செய்யக்கூடாது என்றது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. ரெண்டு பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறையை எந்த இன்ஸ்பெக்டரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள், ரசாயனம் ஒட்டிய காலிப் பேரலையும் அபாயக் கழிவாகவே பட்டியலிட்டிருக்கின்றன. அனுமதி பெற்றவர்களிடம்தான் அது போகவேண்டும். நடைமுறையில் பல கை மாறி, காயலான் கடை வழியாக, மாட்டுத் தொட்டி வேண்டும் என்கிற விவசாயியின் டிராக்டரில் ஏறி என் வாசலுக்கு வந்து நிற்கிறது. வழியில் யாரோ லேபிளைச் சுரண்டிவிடுகிறார்கள். பேரலை வெடிகுண்டாக்குவது அந்தச் சுரண்டல்தான் என்று நான் நினைக்கிறேன். லேபிள் இருந்தால் என்னால் கேட்டறிய முடியும். தெரிந்தவரிடம் காட்ட முடியும். வேண்டாம் என்று சொல்லக் காரணமாவது கிடைக்கும்.

போன அறுவடைக்குப் பிறகு ஒரு பையன் நீலப் பெயிண்ட் அடித்த பேரல் ஒன்றைக் கொண்டுவந்தான். லேபிள் இருந்த இடத்தில் சுரண்டிய தடம் மட்டும்.

"உள்ள என்னப்பா இருந்துச்சு?"

"தெரியலண்ணே. கடைக்காரர் கழுவிட்டேன்னு சொன்னாரு."

"எதுல கழுவினாராம்?"

அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்கு அங்கேயே போன் போடச் சொன்னேன். அவர் வாங்கிய இடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. பேரலை அடைப்புத் திறந்தபடியே திருப்பி அனுப்பினேன். கொடுத்த காசைக் கடையில் வாங்கிக்கொள், தர மறுத்தால் என்னைக் கூப்பிடு என்றேன். மாட்டுத் தொட்டிக்கு என்னிடம் கிடந்த கடலெண்ணெய்ப் பேரல் ஒன்றை அறுத்துக் கொடுத்தேன்.